மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு அடித்தளமிட்ட மருத்துவர்களுள் ஒருவர். கொச்சியில் பிறந்த இவரது பணிக்களம் தமிழ்நாட்டின் வேலூர் ஆகும். சாலை விபத்தொன்றில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தவர் என்பதால் பரவலாக அறியப்படுகிறார். ஆயினும் அவர் உருவாக்கிய மருத்துவத் துறையே அதனினும் பெரிய பணி எனலாம்.

கல்வியும் விபத்தும்

மேரி வர்கீஸ் வசதியான கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பட்டம் பெற்று அங்கேயே பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், 1954 சனவரியில், உடன் பணியாற்றியோருடன் சிற்றுலா சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம் ஏற்பட்டது. முதுகெலும்பு முறிந்ததால் கால்கள் இரண்டும் உணர்வும் இயக்கமும் இழந்தன. பல அறுவைகளுக்குப் பின்னும் அவை மீளவில்லை.

அக்காலத்தில் இந்நிலை எத்தகையது என்பதை விளக்குதல் வேண்டும். தண்டுவடம் என்பது மூளையையும் உடலையும் இணைக்கும் நரம்புக் கற்றை. அது அறுந்தால் மீண்டும் ஒட்டுவதில்லை. ஆனால் நோயாளியின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் காயமன்று. அசையாமல் கிடப்பதால் வரும் படுக்கைப்புண்ணும், சிறுநீர்ப்பை செயலிழப்பதால் வரும் நோய்த்தொற்றுமே ஆகும். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தல், சிறுநீரை முறையாக வெளியேற்றல், மூட்டுகள் இறுகாமல் பயிற்சி அளித்தல் ஆகியவற்றால் இவர்களை நெடுங்காலம் வாழவைக்கலாம் என்பதை, 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பணி தொடங்கிய லுட்விக் குட்மன் போன்றோர் மெய்ப்பித்தனர். அந்த அறிவு இந்தியாவில் அப்போது வேரூன்றியிருக்கவில்லை.

சக்கர நாற்காலியில் அறுவை மருத்துவர்

வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் சீராக்கி வந்தவர் பால் பிராண்ட். கையில் செய்யும் அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டிய தேவையில்லை; அமர்ந்தே செய்யலாம். மேரி வர்கீசுக்கு இவ்வழியைக் காட்டியவர் அவரே. மேரி இப்பயிற்சியைப் பெற்று, தொழுநோயாளிகள் பலருக்குக் கைகளைச் சீரமைத்தார். சமூகம் ஒதுக்கிவைத்த நோயாளிகள், தம்மைப் போலவே உடல் முடங்கிய ஒருவர் நாற்காலியை உருட்டிவந்து தமக்கு மருத்துவம் செய்வதைக் கண்டது அவர்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

மறுவாழ்வு மருத்துவம்

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தம் உடலுக்கான பயிற்சியைப் பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், பிறர் உதவியின்றித் தம் தேவைகளைக் கவனித்தல் முதலியன இதில் அடங்கும். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூர் திரும்பியதும் 1963 இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையின் தலைவரானார். உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்றும் மறுவாழ்வு நிலையம் 1966 இல் திறக்கப்பட்டது. இந்திய அரசு 1972 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. டொரொத்தி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இவரது வாழ்க்கை வரலாற்றை 1963 இலேயே நூலாக வெளியிட்டார்.

முதுகுவலியும் இத்துறையும்

தண்டுவடக் காயமும் இடைத்தட்டுப் பிதுக்கமும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். இரண்டும் வேறு. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்றுள்ள தட்டின் உள்ளீடு பிதுங்கி, அருகிலுள்ள நரம்பை அழுத்துவதே இடைத்தட்டுப் பிதுக்கம். இதனால் இடுப்பிலிருந்து கால்வரை வலி பரவும். இத்தொடர்பை 1934 இல் அமெரிக்கரான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் தெளிவாக நிறுவினர். பெரும்பாலானோருக்கு அறுவையின்றியே சில வாரங்களில் வலி தணிகிறது. இயன்ற அளவு நடமாடுதல், வலிநீக்கி மருந்து, இயன்முறைப் பயிற்சி ஆகியன இதற்கு உதவும். 1895 இல் அமெரிக்காவில் தோன்றிய கைரோபிராக்டிக் முறையில் முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்புவர். இது இடுப்பு வலியைச் சிலருக்கு ஓரளவு குறைக்கலாம். பிதுங்கிய தட்டை இடத்தில் திரும்ப அமர்த்திவிடும் என்பதற்குச் சான்றில்லை. கால் தளர்ந்தாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு குறைந்தாலோ, இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனாலோ எந்த அழுத்தலுக்கும் உட்படாமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். நாள் கடத்தினால் இழப்பு நிலைத்துவிடக்கூடும்.

முல்லையாற்றங்கரையிலுள்ள வீரபாண்டி முதலிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் தென்னையேறுதல், வாழைத்தார் சுமத்தல், கிணறு வெட்டுதல் போன்ற வேலைகள் முதுகைப் பெரிதும் வருத்துவன. மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுதல் இந்தியச் சிற்றூர்களில் தண்டுவடக் காயத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்குவதும் உட்காரவைப்பதும் முறிந்த எலும்பால் தண்டுவடத்தை மேலும் சிதைக்கும். தலை, கழுத்து, முதுகு ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து பலகையிலோ கதவுப் பலகையிலோ கிடத்தியே கொண்டுசெல்ல வேண்டும். இப்பகுதிக்கு அருகில் கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

இறுதிக்காலம்

மேரி வர்கீஸ் தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதையும் சக்கர நாற்காலியிலேயே கழித்தார். 1986 இல் காலமானார். உடற்குறையுடையோரின் மறுவாழ்வுக்கென அவர் பெயரில் அறக்கட்டளை ஒன்று வேலூரில் இயங்குகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1975 இல் தண்டுவடக் காயமுற்ற எஸ். இராமகிருஷ்ணன் 1981 இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இத்தகைய பணியைத் தமிழகத்தின் தென்பகுதியில் செய்துவருகிறது.