சுவரில் மலர்ந்த கலை

சுவரில் கிறுக்கும் குழந்தையைக் கடிந்துகொள்வது பல இல்லங்களின் வழக்கம். திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூர் அரண்மனையில் அவ்வாறு நிகழவில்லை. 1848ஆம் ஆண்டு அங்குப் பிறந்த இரவிவர்மா, சிறுவயதிலேயே கரித்துண்டால் வெண்சுவர்களில் விலங்குகளையும் அன்றாடக் காட்சிகளையும் வரைந்தார். தாய்மாமன் இராஜராஜ வர்மா அவற்றை அழுக்கெனக் கருதவில்லை. கோடுகளில் ஒளிர்ந்த திறனைக் கண்டார். தஞ்சாவூர்ப் பாணி ஓவியம் அறிந்த அவரே மருகனுக்கு முதல் ஆசானானார். தாயோ கவிதை இயற்றும் புலமை உடையவர். கலையைப் போற்றிய அவ்வில்லத்தில் தம்பி இராஜராஜ வர்மாவும் தங்கை மங்களாபாயும் ஓவியர்களாயினர்.

பதினான்காம் வயதில் மாமன் அவரைத் திருவனந்தபுரம் அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரவளித்தார். ஆயினும், எண்ணெய் வண்ண நுட்பம் எளிதில் கைகூடவில்லை. அதனை அறிந்திருந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு கற்பிக்க மறுத்தார். 1868இல் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். பார்த்ததை மனத்தில் பதித்து, இரவிவர்மா தாமே முயன்று பயின்றார். இளமையில் இல்லம் ஊட்டிய நம்பிக்கை அவரைத் தளரவிடவில்லை.

1873இல் வியன்னா கண்காட்சியில் அவரது ஓவியம் பரிசு பெற்றது. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சுக்கூடம், அரண்மனைகளில் மட்டுமே காணக்கிடைத்த ஓவியங்களை எளியோர் வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது. 1906இல் அவர் மறைந்தார். ஒரு வீட்டுச் சுவரில் அழிக்கப்படாத கரிக்கோடுகள், பின்னாளில் எண்ணற்ற வீட்டுச் சுவர்களை வண்ணங்களால் அணிசெய்தன.