சுப்பாராவ்: பழைய மருந்துக்கு ஏன் புதிய சோதனை?

ஜொகூர் பாரு மருத்துவமனைகளில் முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்குப் பின்னால், சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். யார் அவர்?

எல்லப்பிரகட சுப்பாராவ், 1895இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். ஸ்ப்ரூ எனும் குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டம் கிடைக்கல, எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போனார்.

அங்கே லெடர்லே ஆய்வகத்தில் அவரது குழு ஃபோலிக் அமிலத்தையும், அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் தயாரித்தது. இரத்தப் புற்றுநோய் பாதித்த குழந்தைகளுக்கு மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்தார். பலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. ஆனா நச்சுத்தன்மை அதிகம். அதனால், அதே ஆய்வகத்தின் மெத்தோட்ரெக்சேட் பின்னாளில் அந்த இடத்தைப் பிடித்தது. சுப்பாராவ் 1948இல், 53 வயதில் காலமானார்.

இன்று மெத்தோட்ரெக்சேட்டை நானோ துகளுக்குள் அடைத்துத் தரும் ஆய்வுகள் நடக்கின்றன. மருந்து பழசுதானே, மறுபடி சோதனை எதுக்கு? துகளின் அளவு மாறினால், மருந்து உடலில் சேரும் இடமும் தங்கும் நேரமும் மாறும். புதிய பக்கவிளைவு வரலாம்.

அளவு மாறினாலும் ஆபத்துதான். முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரையை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தவறுதலாக தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.