சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை சீமோர் கிரே

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் முன்கூட்டியே சொல்கிறார்களே, அந்தக் கணக்கைப் போடுவது சூப்பர் கம்ப்யூட்டர். அதற்கு வழி போட்டுக் கொடுத்தவர் சீமோர் கிரே. அவரைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்ததை எழுதுகிறேன்.

1925ஆம் ஆண்டு செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பத்து வயதிலேயே, துளை போட்ட காகித நாடாவை மோர்ஸ் தந்தி ஒலியாக மாற்றும் கருவியை விளையாட்டுச் சாமான்களை வைத்துச் செய்துவிட்டாராம். எங்கள் வீட்டில் ரேடியோவைத் திறந்தாலே திட்டு விழும்!

இரண்டாம் உலகப் போரில் வேலை பார்த்துவிட்டு வந்து பொறியியலும் கணிதமும் படித்தார். 1964-ல் அவர் உருவாக்கிய சி.டி.சி. 6600 வினாடிக்குச் சுமார் 30 லட்சம் கணக்குப் போட்டது. அப்போது உலகத்திலேயே வேகமானது அதுதான். அதைச் செய்தது கூட்டிப் பெருக்குபவரையும் சேர்த்து 34 பேர்தான் என்று தெரிந்ததும், ஐ.பி.எம். என்ற பெரிய கம்பெனியின் தலைவருக்கே கோபம் வந்துவிட்டது.

அடுத்த ஒரு மெஷின் சரிவரவில்லை. 1972-ல் வேலையை விட்டு விலகி, சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். 1976-ல் கிரே-1 வந்தது. மேலே இருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'சி' மாதிரி இருக்கும். அழகுக்காக இல்லை. ஒரு வினாடியை நூறு கோடி பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும். கம்பியில் மின்சாரம் அதைவிட மெதுவு. கம்பி நீளமானால் கணக்கு தாமதமாகும். அதனால்தான் வளைத்து, எந்தக் கம்பியும் 4 அடியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். நெருக்கி வைத்தால் சூடு ஏறுமே? ஃபிரிட்ஜில் இருக்கிற மாதிரி ஃபிரியான் ஓடவிட்டார். வேகம் வினாடிக்கு 16 கோடி கணக்கு!

அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் பொருத்தியவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள். மெஷினுக்கு மட்டும் அவர் பெயர். இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் கிரே-1 அணு ஆயுதம் ஆராயும் லாஸ் அலமாஸ் கூடத்துக்குப் போனது. 1977-ல் இன்னொன்று வானிலை ஆராய்ச்சிக்குப் போனது. 1985-ல் வந்த கிரே-2-ஐ மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே முக்கி வைத்தார்!

நம் நாட்டுக்கு அவர் தொடங்கிய கம்பெனியின் மெஷின் ஒன்று வானிலைக்காக வந்தது. அதைவிடப் பெரியதை அமெரிக்கா தர மறுத்தது. உடனே புனேயில் சி-டாக் நிறுவனத்தினர் சின்னச் சின்ன பிராசசர்களைச் சேர்த்து 1991-ல் பரம் 8000 செய்துவிட்டார்கள். ஆனால் கிரேவுக்கு இப்படிச் சேர்ப்பது ரொம்ப நாள் பிடிக்கவே இல்லை. பலமான பிராசசர் கொஞ்சமாக இருந்தால் போதும் என்பது அவர் எண்ணம். அங்கேதான் அவர் தோற்றார் என்று நினைக்கிறேன். 1989-ல் தொடங்கிய அடுத்த கம்பெனி 1995-ல் திவாலானது. விட்டாரா? எழுபது வயதில் மறுபடியும் ஒரு கம்பெனி தொடங்கினார்! அதே 1996-ல் கார் விபத்தில் அடிபட்டு அக்டோபர் 5 அன்று இறந்தார்.

2022-ல் அமெரிக்காவில் ஃபிரான்டியர் என்ற மெஷின் வினாடிக்கு 1-க்குப் பின் 18 சைபர் போட்ட அளவு கணக்கைத் தாண்டியது. 37,000-க்கும் மேற்பட்ட பிராசசர்கள் சேர்ந்து வேலை செய்யும் அதிலும் கிரே என்ற பெயர் இருக்கிறது. சூட்டைத் தணிக்கக் குழாய்களில் தண்ணீர் ஓடுகிறது.

- 9ஆம் வகுப்பு மாணவி