அறுவைச் சிகிச்சை மேதை அஸ்ஸஹ்ராவி (ரஹ்)

வயிற்றில் கத்தி பாய்ந்து குடல் சரிந்து கிடப்பவனைக் கண்டால், கலிமாவை நினைவூட்டிவிட்டு விலகிக் கொள்ளவே எவருக்கும் தோன்றும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்படி விலகாத ஒரு மேதையின் வரலாற்றை இம்மாதம் காண்போம்.

ஸ்பெயினில் குர்துபா நகருக்கு அருகே, கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய நகரம் மதீனத்துஸ் ஸஹ்ரா. அந்நகரின் பெயரால் அறியப்பட்டவர்களே அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள். ஏறத்தாழ கி.பி. 936இல் பிறந்து 1013இல் மறைந்தார்கள். தம் நெடுங்கால அனுபவத்தை 1000ஆம் ஆண்டளவில் 'அத்தஸ்ரீஃப்' எனும் 30 பாக நூலாக்கினார்கள். அதன் கடைசிப் பாகம் அறுவைச் சிகிச்சை பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு.

காயத்தின் குறியறிந்தே கை வைக்க வேண்டும் என்பது அவர்களின் முறை. நெஞ்சில் அம்பு தைத்தவனுக்கு நுரை கலந்த இரத்தம் வந்தால் நுரையீரல் துளைபட்டது. வயிற்றுக் காயத்தில் மலம் கசிந்தால் குடல் கிழிந்தது. வெளியே வந்து வீங்கிய குடலுக்கு வெதுவெதுப்பான நீரால் ஒற்றடமிட்டு, தேவையானால் காயத்தின் வாயை அகலமாக்கி, உள்ளே செலுத்தித் தைக்கச் சொன்னார்கள். குடலைத் தைக்கப் பிராணிகளின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய இழையையும் குறித்துள்ளார்கள்.

ஒருவருக்கு இரண்டு சாண் குடல் ஒரு நாள் முழுதும் வெளியே கிடந்தது. அதை உள்ளே வைத்துச் சிகிச்சை செய்ய, சுமார் 15 நாட்களில் காயம் கூடிற்று. இன்னொருவருக்கு வயிற்றுக் காயம் ஆறாமல் புரையோடி, அதன் வழியே மலமும் காற்றும் வெளியேறின. பிழைப்பார் என்ற நம்பிக்கை அவர்களுக்கே இல்லை. ஆயினும் கைவிடாமல் பக்குவமாகச் சிகிச்சை செய்தார்கள். புரை மூடியது. உள்ளே வேறு கோளாறு வருமோ என அஞ்சினார்கள். அல்லாஹ்வின் அருளால் அம்மனிதர் நலமாகவே வாழ்ந்தார்.

அதே பெருந்தகை, உடற்கூறு அறியாதவன் கத்தியெடுப்பதை வன்மையாகக் கண்டித்தார்கள். உயிர் அமானிதமல்லவா?

அந்நூல் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் பாடமாயிற்று. நம் லக்னோவிலும் 1908இல் அச்சாயிற்று.

கட்டிட வேலை மிகுந்த நம் நாவலூர்ப் பக்கத்தில் கம்பி குத்துவது நடக்கக்கூடியதே. குத்திய பொருளை நாமே பிடுங்கக் கூடாது. வெளிவந்த குடலை உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான ஈரத்துணியால் மூடி, குடிக்க எதுவும் தராமல், 108ஐ அழைக்க வேண்டும். கைவிடாமையும் அறியாததில் கை வைக்காமையும் அன்னாரிடம் நாம் கற்பவை.

அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.