கேதார்நாத் தாஸ்

சர் கேதார்நாத் தாஸ் (பெப்ரவரி 24, 1867 – மார்ச் 13, 1936) கொல்கத்தாவைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவரும் பேராசிரியரும் நூலாசிரியரும் ஆவார். ஃபோர்செப்ஸ் எனப்படும் மகப்பேற்று இடுக்கியின் வரலாற்றை முழுமையாகத் தொகுத்தவர். இந்தியத் தாய்மாருக்கு ஏற்ற இடுக்கி ஒன்றை வடிவமைத்தவர் என்ற முறையிலும் அறியப்படுகிறார். தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் இவரது பெயரை ஒரு கருவியின் பெயராகவே முதலில் கேள்விப்படுகின்றனர்.

வாழ்க்கை

கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1892 இல் எம்.பி. பட்டம் பெற்றார். 1895 இல் எம்.டி. பட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்றார். கேம்பல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபின், கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். இக்கல்லூரி அரசின் கையில் இல்லாமல் இந்திய மருத்துவர்களின் முயற்சியால் எழுந்ததாகும். 1948 முதல் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என வழங்குகிறது. தாஸ் 1922 முதல் இறக்கும்வரை இதன் முதல்வராகப் பணியாற்றினார். 1918 இல் சி.ஐ.இ. விருதும் 1933 இல் சர் பட்டமும் பெற்றார்.

இடுக்கியும் அதன் இரகசியமும்

தாயின் வலி ஓய்ந்துபோகும்போது, அல்லது குழந்தையின் இதயத்துடிப்பு தளரும்போது, தலையை இருபுறமும் தழுவிப் பிடித்து வெளிக்கொணர உதவும் கருவியே மகப்பேற்று இடுக்கி. ஊர்வழக்கில் இதனை ஆயுதம் போட்டு எடுத்தல் என்பர். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து இங்கிலாந்து சென்று குடியேறிய சேம்பர்லென் குடும்பத்தார் இதை உருவாக்கினர். ஆனால் நூறாண்டுகளுக்கு மேலாகத் தம் குடும்பத்துக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தனர். அவர்களது கருவிகள் 1813 இல் எசெக்ஸ் பகுதியிலுள்ள வீடொன்றின் தளப்பலகைக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டன. இரகசியம் காக்கப்பட்ட அக்காலத்தில், காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ தாய்மார் இறந்திருப்பர்.

இரகசியம் வெளிப்பட்டபின் நிலைமை நேர்மாறாயிற்று. பிரான்சில் லெவ்ரே, இங்கிலாந்தில் ஸ்மெல்லி ஆகியோர் இடுப்பெலும்பின் வளைவுக்கேற்ப அலகுகளை வளைத்தனர். சிம்ப்சன், தார்னியே, நார்வே நாட்டுக் கீலாண்ட் என ஒவ்வொருவரும் ஒரு வடிவத்தைச் சேர்த்தனர். இவ்வாறு பெருகிய நூற்றுக்கணக்கான வடிவங்களைத் தாஸ் படங்களுடன் ஒரே நூலில் தொகுத்தார். மகப்பேற்று இடுக்கியின் வரலாறும் படிவளர்ச்சியும் பற்றிய அந்த ஆங்கில நூல் 1929 இல் வெளிவந்தது. இத்துறை வரலாற்றை எழுதுவோர் இன்றும் முதலில் நாடுவது அதனையே. ஐரோப்பாவில் பிறந்த ஒரு கருவியின் வரலாறு கொல்கத்தாவில் எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

தாஸ் இடுக்கி

ஐரோப்பிய இடுக்கிகள் அங்குள்ள தாய்மாரின் உடலளவைக் கருதிச் செய்யப்பட்டவை. சற்றே சிறிய இடுப்பெலும்பும் எடை குறைந்த குழந்தையும் உள்ள இடத்தில் அவை பொருந்துவதில்லை. தாஸ் வடிவமைத்த இடுக்கி அவற்றினும் இலேசானது, சற்றே குட்டையானது. ஏறத்தாழ 37 செ.மீ. நீளமுடையது. வங்காள இடுக்கி என்றும் இது அழைக்கப்பட்டது. இந்திய மகப்பேற்றியல் பாடநூல்களில் நீண்ட வளைவிடுக்கி என்ற தலைப்பில் தாஸின் பெயரோடு இது இன்றும் இடம்பெறுகிறது.

கருவி எளியது, கையாளுவதே கடினம். கருப்பைவாய் முழுமையாகத் திறந்திருக்க வேண்டும்; பனிக்குடம் உடைந்திருக்க வேண்டும்; சிறுநீர்ப்பை வெறுமையாக இருக்க வேண்டும்; தலை இறங்கியிருப்பதோடு, அது எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதும் விரலால் அறியப்பட வேண்டும். வழக்கமாக இடது அலகு முதலிலும் வலது அலகு பின்னரும் செலுத்தப்படும். சரியாகப் பொருந்தினால் இரண்டும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். பூட்டவில்லையெனில் வலிந்து அழுத்தாமல் கழற்றிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். இழுப்பதும் வலி வரும்போது மட்டுமே, முதலில் கீழ்நோக்கியும் பின்னர் மேல்நோக்கியும். தவறினால் தாய்க்குக் கிழிசலும் குழந்தைக்குக் காயமும் நேரும். நூலைப் படித்து மட்டும் இதனைக் கற்க முடியாது. தேர்ந்தவரின் அருகில் நின்றே கற்க வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில்

தாஸ் இறந்த 1936ஆம் ஆண்டிலேயே முதலாவது அனைத்திந்திய மகப்பேற்றியல் மாநாடு சென்னையில் நடைபெற்றது. 1938 இல் ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியாரின் கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸ் பாடநூல் வெளிவந்தது. பின்னர் கிருஷ்ண மேனனும் சேர்ந்து திருத்திய அந்நூலை வைத்தே பல தலைமுறை மருத்துவர்கள் பயின்றனர்.

அறுவை மகப்பேறு பாதுகாப்பானதாக மாறியதும், 1950களில் மால்ம்ஸ்ட்ராமின் உறிஞ்சுகிண்ணம் வந்ததும் இடுக்கியின் பயன்பாட்டைக் குறைத்தன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அறுவை மகப்பேறுகள் 2015–16 இல் 34.1 விழுக்காடாகவும் 2019–21 இல் 44.9 விழுக்காடாகவும் இருந்தன. கருவிப் பிரசவங்கள் குறையக் குறைய, பயிற்சி மருத்துவர்கள் அருகில் நின்று காணும் வாய்ப்பும் குறைகிறது. கற்பிக்கத் துணிவோரும் அருகுகின்றனர். ஆனால் தலை ஆழமாக இறங்கியபின் செய்யும் அறுவை எளிதன்று. கருப்பை கிழியவும் குருதிப்போக்கு மிகவும் வாய்ப்புண்டு. தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு, அதற்கப்பால் கல்வராயன் மலைச் சிற்றூர்கள் போன்ற இடங்களிலிருந்து அறுவை அரங்கிற்குச் செல்ல வழிப்பயணமும் சேர்கிறது. அத்தகைய வேளையில், தாழ இறங்கிவிட்ட தலையைச் சில நிமிடங்களில் வெளிக்கொணரத் தெரிந்த மருத்துவர் ஒருவர் அருகில் இருப்பதும் இல்லாதிருப்பதும் பெரிய வேறுபாடாகும். இதனால் பொம்மை உருவங்களைக் கொண்டு இடுக்கிப் பயிற்சி அளிக்கும் முறை பல நாடுகளில் மேற்கொள்ளப்படுகிறது.

ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு மருத்துவமனைக்குக் கேதார்நாத் தாஸின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.