யூத காந்தி ஏ.பி.சலேம்: ஜெபாலயத்தில் ஒரு இருக்கைக்காக நடந்த சத்தியாகிரகம்

சலேம் என்ற பெயரைப் பார்த்ததும் நம்ம சேலத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபிரகாம் பராக் சலேம் கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த யூதர். 1882-ல் பிறந்தவர். கொச்சி யூதர்களில் முதல் வக்கீல். சட்டம் படித்ததோ சென்னையில். கம்பைநல்லூருக்குப் பக்கத்து மொரப்பூர் வழியாக இன்றைக்கும் சென்னைக்கும் எர்ணாகுளத்துக்கும் ரயில்கள் ஓடுகின்றன. அந்த இரண்டு முனைகளுக்கு நடுவேதான் இவரது இளமை கழிந்தது.

என்ன பிரச்சினை?

மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம் 1568-ல் கட்டப்பட்டது. தரை முழுக்க நீலம் தீட்டிய சீன ஓடுகள், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள் என்று இன்றைக்கும் டூரிஸ்ட்டுகள் குவியும் இடம். ஆனால், அந்தக் காலத்தில் உள்ளே போகிற எல்லா யூதர்களும் அங்கே சமம் இல்லை.

அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சிலரைத் தனியாகப் பிரித்து, மெஷுஹ்ராரிம் என்று அழைத்தார்கள். சலேம் குடும்பமும் அதில் ஒன்று. அவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்தில் தரையில்தான் உட்கார வேண்டும். சபைக்கு முன்னால் தோராவை வாசிக்க அவர்களைக் கூப்பிட மாட்டார்கள். கல்யாண சம்பந்தமும் கிடையாது.

வாசிப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

யூதர்களுக்கு ஜெபாலயம் வெறும் வழிபாட்டு இடம் மட்டும் இல்லை. பெரியவர்களும் சாகும்வரை வேதம் படிப்பது அங்கேதான். பாட்டும் பண்டிகையும் அங்கேதான். சபை நடுவே எழுந்து நின்று தோராவை வாசிப்பது, ஒருவர் அந்தச் சமூகத்தில் முழு ஆள் என்பதற்கான அடையாளம். கோர்ட்டில் நீதிபதி முன்னால் நின்று வாதாடும் ஒருவருக்குச் சொந்த ஜெபாலயத்தில் அந்த உரிமை இல்லை!

என்ன செய்தார் சலேம்?

தனிக் கோயில் கட்டிக்கொண்டு ஒதுங்கிப் போகவில்லை. காந்தி காட்டிய சத்தியாகிரக வழியை எடுத்தார். கொஞ்ச காலம் ஜெபாலயத்துக்குப் போகாமலே புறக்கணித்தார். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் வெடித்த காலகட்டம் அது. யூத காந்தி என்ற பட்டம் இவருக்கு இப்படித்தான் வந்தது.

தடைகள் ஒரே நாளில் உடையவில்லை. ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முதலில் பெஞ்ச், அப்புறம் வாசிப்பு. கடைசிவரை இறுகி நின்றது கல்யாணம்தான். 1950-ல் சலேமின் மகன் பரதேசி யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதும் மட்டாஞ்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது.

வெளியே என்ன வேலை?

கொச்சி சட்டசபையில் உறுப்பினர். தொழிற்சங்கத்துக்காகவும் நின்றார். 1929-ல் முழு சுதந்திரம் கேட்டுத் தீர்மானம் போட்ட லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். எர்ணாகுளத்தில் அவர் ஏறி நின்று பேசிய மேட்டுக்கு ஜனங்கள் வைத்த பெயர் சலேம் குன்னு.

ஏன் இஸ்ரேல் போகவில்லை?

1933-ல் பாலஸ்தீனம் போய் வந்த பிறகு யூதர்களின் தாயகக் கனவில் அவருக்கு ஈடுபாடு வந்தது. 1950-களில் கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குக் கிளம்ப நினைத்தபோது, யானைக்கால் நோயைக் காரணம் காட்டி அங்கே தயங்கினார்கள். ஏழைக் குடும்பங்கள் பல சொத்தை விற்றுவிட்டுக் காத்திருந்தன. அவர்களுக்காக சலேம் பேசி, வழி ஏற்பட உதவினார். 1955-க்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தார்கள். அவர் மட்டும் கொச்சியிலேயே தங்கி, 1967-ல் காலமானார்.

அடுத்த வருடம் ஜெபாலயத்தின் 400-வது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால்தலையும் வெளியானது. அதைப் பார்க்க சலேம் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. யூத வழக்கப்படி கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது 10 ஆண்கள் வேண்டும். ஒரு காலத்தில் ஆட்களைத் தரையில் ஒதுக்கி வைத்த சபையில், பிற்பாடு அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடானது. மட்டாஞ்சேரியில் அந்த ஜெபாலயத்துக்குப் போகும் தெருவுக்கு இன்றைய பெயர், ஏ.பி.சலேம் ரோடு.