களக்காட்டுக்காக மாறிய கூட்டாளி: பூலித்தேவர் கட்டிய கூட்டணி உடைந்தது எப்படி?

தென்காசியிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது வாசுதேவநல்லூர். இங்கிருந்த மண்கோட்டை, பக்கத்து நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவருடையது. 1715-ல் பிறந்தவர் என்பார்கள். செப்டம்பர் 1-ம் தேதி ஆண்டுதோறும் அவருக்கு விழா நடக்கிறது. வரி கொடுக்க மாட்டேன்னு வாள் தூக்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கூட்டாளி தேடிய கதைதான் அதிகம் பேசப்படுவதில்லை.

பிரச்சினை ஆரம்பித்தது கடனில். ஆற்காடு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பட்ட கடனுக்காகத் திருநெல்வேலிச் சீமையின் வரியை வசூலிக்கும் உரிமையைக் கொடுத்தார். 1755-ல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையோடு வந்தார்கள். நெற்கட்டும்செவல் கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லை. 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று இறங்கி வந்தார் ஹெரான். பூலித்தேவர் அசையவில்லை. வெறுங்கையோடு திரும்பிய ஹெரான், பிறகு ராணுவ விசாரணையில் சிக்கியது தனிக்கதை.

இந்தப் படை போனாலும் அடுத்த படை வரும். தனியாக நின்றால் தாங்காது. அதனால் மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆதரவும் கிடைத்தது. அவருக்குக் களக்காடு மேல் ஒரு கண். இவருக்குப் படை தேவை. களக்காட்டில் திருவிதாங்கூர்ப் படையும் பூலித்தேவர் படையும் சேர்ந்து மாபூஸ்கான் ஆட்களை விரட்டின. இன்றைக்கு வளைகுடா நாடுகளோடு டெல்லி நடத்துகிற ஆலோசனைகளிலும், பிராந்திய அமைதி என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் இப்படி ஆளுக்கொரு கணக்கு இருக்கும்.

எல்லோரும் வந்து சேரவில்லை. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ஒதுங்கின. அதைவிட வலித்திருக்கும், கூப்பிடு தூரத்துச் சிவகிரியே சேராதது. 1756 மார்ச்சில் திருநெல்வேலி அருகே நடந்த சண்டையில் கூட்டணி தோற்றது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், தம்பியோடு முறைத்துக்கொண்ட மாபூஸ்கானே அடுத்து பூலித்தேவர் பக்கம் வந்துவிட்டார்!

பெரிய அடி விழுந்தது 1759-ல். மார்த்தாண்ட வர்மா 1758-லேயே காலமாகிவிட்டார். புதிய மன்னர் கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவிடம் கம்பெனியின் தளபதி யூசுப்கான் (மருதநாயகம்தான்) பேச்சு நடத்தினார். களக்காட்டை விட்டுக்கொடுத்தார். பூலித்தேவரால் போரிட்டுத்தான் பெற்றுத்தர முடிந்ததை, யூசுப்கான் பேச்சிலேயே கொடுத்துவிட்டார். நேற்றுவரை உதவிக்கு வந்த திருவிதாங்கூர்ப் படை, அந்த ஆண்டுக் கடைசியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட வந்தது. அப்போதும் கோட்டை விழவில்லை.

பூலித்தேவர் மைசூர் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். அவருக்கு மராட்டியரோடு தீராத சண்டை. பிரெஞ்சுக்காரர்களையும் நாடினார், 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியே ஆங்கிலேயர் கைக்குப் போனது. சேத்தூர், ஊத்துமலை, சுரண்டை என்று மேற்குப் பாளையங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன. திருச்சியிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்து சேர, 1761 மே 16-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின.

அந்த யூசுப்கானையே 1764-ல் நவாபும் கம்பெனியும் மதுரையில் தூக்கிலிட்டார்கள். தலைமறைவாக இருந்த பூலித்தேவர் திரும்பி வந்து கோட்டைகளைப் பிடித்தார். இந்த முறை கூட நிற்கப் பெரிய அரசு எதுவும் இல்லை. 1767-ல் கேம்பல் தலைமையில் வந்த படை வாசுதேவநல்லூரைச் சூழ்ந்து சுட்டது. சுவர் உடைய உடைய, உள்ளே இருந்தவர்கள் பனையும் வைக்கோலும் வைத்து அடைத்தார்கள். கடைசியில் கொட்டுகிற மழையில் கோட்டையைவிட்டு வெளியேறினார்கள்.

பூலித்தேவரைக் கைது செய்து கொண்டுபோகும் வழியில், சங்கரன்கோவில் கோயிலுக்குள் சாமி கும்பிடப் போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்கிறார்கள். அவர் மறைந்ததாகச் சொல்லப்படும் இடத்தை இன்றும் கோயிலில் காட்டுகிறார்கள்.